என் ஓரகத்தியின் ஆம்ப்ளிஃபயர்

என் ஓரகத்தி அடுத்த மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். அவள் ஓட்டலில் அதற்கு ஒரு விழா எடுக்கிறார்களாம். விழாவில் வாசிக்க அவள் வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று வீட்டாரைக் கேட்டார்கள். வீட்டில் எல்லோரும் என்னைக் கை காட்டிவிட்டு நழுவிக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்தேன். சிரித்த முகம், இனிமையான குரல், யார் மனமும் கோணாத பேச்சு, எல்லாம் அதில் இருக்கிறது. ஒன்றுகூடப் பொய் இல்லை. என் எரிச்சலே அதுதான். அந்தப் பக்கத்தில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் கணவருடைய அண்ணன் மனைவி அவள். நேரில் பார்த்தால் "அக்கா, நீங்க" என்பேன். மனசுக்குள் எப்போதும் "அவள்"தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவள் அந்த ஓட்டலில் முதலில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். குரலைக் கேட்டே வேலை கொடுத்தார்கள் என்பார்கள். பிறகு வரவேற்பு மேஜைக்கு மாற்றினார்கள். எந்த விருந்தாளிக்குக் கெட்டித் தலையணை, யாருக்கு லிஃப்ட் பக்கத்து அறை ஆகாது, யார் காலையில் முகம் கொடுத்துப் பேசமாட்டார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இரண்டாம் முறை வருகிறவர் கேட்பதற்கு முன்பே அவர் கேட்க நினைத்தது தயாராக இருக்கும். மேனேஜர்கள் வந்து போனார்கள். விருந்தாளிகள் விசாரித்தது அவளைத்தான்.

வீட்டிலும் இதே கதை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் முதல் சாப்பாட்டிலேயே என் முகத்தைப் பார்த்து எனக்குக் காரம் ஆகாது என்று கண்டுபிடித்துவிட்டாள். மறுவேளையிலிருந்து எனக்குத் தனிக் கிண்ணம். எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் நான் என்ன செய்தாலும் அவளைப் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்தார்கள். என் மாமியார் கடைசிவரை என்னைக் கூப்பிட வாயெடுத்தால் முதலில் அவள் பெயர்தான் வரும். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என் பெயருக்கு வருவார்.

நான் வேலை பார்ப்பது காது, மூக்கு, தொண்டை ஆஸ்பத்திரியில். காது கேட்கும் அளவைச் சோதிக்கிற பிரிவு. சத்தம் புகாத சின்ன அறைக்குள் நோயாளியை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவேன். கேட்டால் அவர் பட்டனை அமுக்க வேண்டும். நாள் முழுக்க இதுதான். அதனால் காது என்கிற உறுப்பின் யோக்கியதை எனக்குத் தெரியும். முப்பதைத் தாண்டியதுமே கீச்சென்ற உயர் ஒலிகள் ஒவ்வொன்றாக விடைபெற ஆரம்பிக்கும். ஐம்பதில் இருக்கிற ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு "அடடா, என்ன துல்லியம்!" என்றால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்பை எனக்கு அதிகம் வரவழைத்தது அவளுடைய ஆம்ப்ளிஃபயர்.

ஓட்டல் முதல் மாடிக் கூடத்தில் ஒரு பழைய பாட்டு செட் இருந்தது. கூடத்தைப் புதுப்பித்தபோது கூரையில் சின்னச் சின்ன ஸ்பீக்கர்களைப் பதித்துவிட்டு பழையதைக் கழித்துக்கட்டச் சொன்னார்கள். இவள் மேனேஜரைக் கேட்டாள். இவள் கேட்டு யார் இல்லை என்றார்கள்? விருந்தாளிகளின் பெட்டிகளைத் தள்ளும் வண்டியில் வைத்து வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து, வேன் பிடித்து வீட்டில் இறக்கினாள். முன்பக்கம் வெள்ளித் தகடும் வரிசையாகக் குமிழ்களும், நடுவில் துள்ளுகிற இரண்டு ஊசிகளுமாக ஒரு ஆம்ப்ளிஃபயர். ரெக்கார்டு சுழற்றுகிற தட்டு ஒன்று. கூடவே பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். அவற்றை வைக்க இடமில்லாமல் நிஜ பீரோவை நடைக்குத் தள்ளினார்கள். அவள் கணவர், அதாவது என் மூத்தவர், பஸ் டிப்போவில் டயர் பிரிவில் இருந்தார். காலையில் அவர் நடையில் நின்று சட்டை மாற்றிக்கொள்வதை மாடிப்படி ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள்.

"என் சட்டை வெளியே, அவ பாட்டு உள்ளே. இதுதான்மா சம்சாரம்" என்பார். அவருக்கும் அதில் பெருமைதான்.

கொஞ்ச நாளில் செட்டின் புகழ் பரவிவிட்டது. இந்த மாதிரி இப்போது யாரும் செய்வதில்லை என்று ஒருவர் சொன்னார். இதை வாங்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள் என்று இன்னொருவர் ஊதிவிட்டார். பாடுகிறவர் நேரில் வந்து நடு அறையில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். முதலில் சொன்னவர் யாரோ, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் எதையும் மறுக்கவுமில்லை, பீற்றிக்கொள்ளவுமில்லை. சிரித்துக்கொண்டே காபி கொடுத்தாள். பீற்றிக்கொண்டிருந்தாலாவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

யார் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாலும் எனக்கென்ன என்று இருந்திருப்பேன். ஆனால் என் வீட்டுக்காரர் போக ஆரம்பித்தார்.

அவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டுகிற கட்டடத்துக்கும் மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் நாளெல்லாம் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பார். கீழேயிருந்து வாக்கி டாக்கியில் "தூக்கு", "இறக்கு", "நிறுத்து" என்று சொல்வார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கூண்டு பழக்கம் போகாது. சோபாவின் இடது கோடியில், ஜன்னலை ஒட்டித்தான் உட்காருவார். நான் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து அன்றைய கதையைச் சொல்வேன். "ம்" என்பார். என் தங்கை வீடு மாறியதைச் சொன்னேன். "ம்." எங்கள் பெரிய டாக்டர் என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டியதைச் சொன்னேன். அதற்கும் "ம்." முன்பெல்லாம் இப்படி இல்லை. ஏதோ ஒரு வருஷமாகத்தான் இந்த "ம்" வந்து வீட்டில் குடியேறியிருந்தது. ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல், "நான் செத்துட்டேன்னு சொன்னாலும் ம்னுதான் சொல்வீங்களா?" என்றேன். ஜன்னலைப் பார்த்தபடி அதற்கும் "ம்" என்றார். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் குளித்து, தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். பாட்டுக் கேட்கவாம். தொடக்கத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். இரண்டு மூன்று தடவை போனேன். வாரம் பூராவும் ஒலி அனுப்பி அனுப்பித் தலை கனத்துக் கிடக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையுமா? "அக்கா, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன்" என்றேன். உடனே குறைத்தாள். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதோடு நின்றுகொண்டேன். அவர் நிற்கவில்லை.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாரும் தப்பாக எண்ணிக்கொள்ள வேண்டாம். அந்த மாதிரிச் சந்தேகம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. வந்திருந்தால் சண்டை போட ஒரு வழியாவது கிடைத்திருக்கும். ஒரு பெட்டியிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஒரு ஞாயிறு, வீட்டுச் சாவியை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று அதை வாங்க அங்கே போனேன். படி ஏறும்போதே சிரிப்புச் சத்தம். அவருடைய சிரிப்பு. பாட்டு நின்றிருந்தது. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அவர் பேசிக்கொண்டிருந்தார். கட்டடத்து உச்சிக் கம்பியில் ஒரு பறவை கூடு கட்டியதையும், அதற்காக மேஸ்திரியிடம் கெஞ்சி இரண்டு வாரம் அந்தப் பக்கமே கிரேன் கையைத் திருப்பாமல் வேலை பார்த்ததையும், குஞ்சு பொரித்ததையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவே அவள் ஏதோ கேட்டாள். சட்டென்று பதில் சொன்னார். மூத்தவர் கிண்டல் பண்ணினார், அதற்கும் பதில். நான் நடையில் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டேன். குஞ்சு பறந்துபோய் எவ்வளவு நாள் ஆயிற்றோ, எனக்கு முட்டையே தெரியாது. சாவியை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அந்தப் பெட்டியில் ஏதோ இருக்கிறது, அதைக் கேட்டால் இவருக்கு வாய் திறக்கிறது என்று முடிவு கட்டினேன். அப்படியென்றால் அதைவிட நல்லதாக ஒன்று நம் வீட்டில் இருந்துவிட்டால் தீர்ந்தது. கடைக்குப் போனேன். கடைக்காரர் கையடக்கமாக இரண்டு ஸ்பீக்கர்களை எடுத்து வைத்து, "மேடம், இதை வெச்சீங்கன்னா பழசையெல்லாம் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடுவீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கினேன். போனிலிருந்து பாட்டு தானாகப் போகும். ஒயர் இல்லை, குமிழ் இல்லை. கேட்டுப் பார்த்தேன், என் தொழில் காதுக்கே ஒரு குறையும் தெரியவில்லை.

அவர் சோபாக் கோடியில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டார்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பக்கமா இருக்கே."

"என்ன ஒரு பக்கம்? ரெண்டு ஸ்பீக்கர் ரெண்டு பக்கமும் இருக்கு. கண்ணு தெரியலையா?"

"அண்ணி வீட்ல நடுவுல நின்னு பாடுற மாதிரி இருக்கும்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஊரே சொல்கிற அதே வார்த்தை. இவர் வாயிலும் அதே. ஞாயிற்றுக்கிழமை வந்தது, குளித்தார், தலை வாரினார், கிளம்பினார்.

இனி பொறுப்பதில்லை என்று நானே பின்னால் போனேன். ஒரு பையில் என் ஸ்பீக்கர்கள். இன்னொரு பையில் ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்கி வந்த, சத்தத்தை அளக்கும் மீட்டர்.

"அக்கா, உங்க செட்டுதான் ஒசத்தின்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு சோதனை வெச்சுப் பாத்துடலாமா? திரை கட்டி, எது பாடுதுன்னு தெரியாம கேக்கணும். எது பழசுன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

அவள் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். "அட, நல்ல விளையாட்டா இருக்கே!" என்று கையைத் தட்டினாள். கயிறு கட்ட ஸ்டூலை அவளே கொண்டு வந்தாள். அவளை எதைச் சொல்லிக் கோபப்படுத்துவது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூத்தவர் மட்டும் மீசையை முறுக்கினார். "தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்மா, எது நம்ம பெட்டின்னு. தோத்தா அந்த பீரோவ நானே தனியா உள்ள தூக்கி வைக்கிறேன்."

இரண்டு படுக்கை விரிப்புகளைத் திரையாகக் கட்டினோம். ரெக்கார்டு என்றால் ஊசியின் கரகரப்பே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பழசுக்கு ஒரு ஒயர் போட்டு, இரண்டுக்கும் என் போனிலிருந்தே ஒரே பாட்டு. திரைக்குப் பின்னால் நான். ஒன்று கொஞ்சம் உரக்க இருந்தால்கூட அதுதான் நன்றாக இருக்கிறது என்று எந்தக் காதும் ஏமாந்துபோகும். ஆகவே இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமமாக்கினேன்.

அப்போதுதான் அந்தக் குமிழைக் கவனித்தேன். இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பங்கு பிரிக்கிற குமிழ். அது நடுவில் இருக்க வேண்டும். இதுவோ வலப்பக்கம் நன்றாகத் திருகிக் கிடந்தது. திருகிய இடத்தில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி வேறு வைத்திருந்தாள், கலைந்துபோனால் திரும்ப அங்கேயே வைப்பதற்கு. எனக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. கோணலாக வைத்துக் கேட்டுவிட்டுத்தானா இத்தனை காலம் நடுவில் நிற்கிறார் நடுவில் நிற்கிறார் என்றார்கள்! நியாயம் என்றால் நியாயம் என்று குமிழை நடுவில் நிறுத்தினேன். நாற்காலிகளும் இஷ்டத்துக்குக் கிடந்தன. என் வீட்டுக்காரருடைய நாற்காலி எப்போதும் வலப்பக்கச் சுவரை ஒட்டிக் கிடக்கும். மூன்றையும் இழுத்து நடுவில் ஒரே வரிசையாகப் போட்டேன். இவரை நடுவில் உட்கார வைத்தேன். அவருக்கு வலப்பக்கம் அவள், இடப்பக்கம் மூத்தவர்.

பாட்டை மாற்றி மாற்றிப் போட்டேன். முதல் சுற்றிலேயே மூத்தவர் துள்ளினார். "இதான்! இதான் நம்ம பெட்டி! இந்த கனம் எதுல வரும்?" பாடியது என் புதுசு. அவளும் "ஆமா, இதுதான்" என்றாள். அடுத்த சுற்றிலும் என் புதுசைத்தான் பழசு என்றார்கள். அதற்கடுத்த சுற்றில் மாற்றிச் சொன்னார்கள், அப்புறம் குழம்பினார்கள். புகழுக்குத் தகுந்தது அதில் ஒன்றுமே இல்லை. நல்ல செட்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. என் பையில் வந்ததற்கு அது மேலும் இல்லை, கீழும் இல்லை. என்னென்ன சொல்லி மூக்கை உடைப்பது என்று திரைக்குப் பின்னால் நின்றபடி வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லையே என்று விரிப்புகளின் இடைவெளி வழியாகப் பார்த்தேன். வேலையில் கண்ணாடி வழியே நோயாளி முகத்தைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

அவர் முகத்தை வலப்பக்கம் திருப்பி, இடது காதைத் திரைக்கு நேராகக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாளைக்கு எத்தனை பேர் என் முன்னால் இப்படி உட்காருகிறார்கள்! கதவைத் திறந்து உள்ளே வரும்போதே அந்தத் தலைச் சாய்வை வைத்து எந்தக் காது என்று சொல்லிவிடுவேன். அவள் வலப்பக்கத்திலிருந்து அவரிடம், "தம்பி, உங்களுக்கு எது?" என்று கேட்டாள். அவர் திரும்பவில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. எழுந்தாள். நாற்காலிகளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு அவருடைய இடப்பக்கம் வந்தாள். தோளை லேசாகத் தொட்டு, குனிந்து, அதே கேள்வியை அதே குரலில் கேட்டாள். உடனே பதில் சொன்னார்.

"ரெண்டுமே ஒரு பக்கமா இருக்கு அண்ணி, இன்னிக்கு."

பாட்டை மாற்ற மறந்து நின்றேன். பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பொறுமை இழந்த மூத்தவரே எழுந்துவந்து திரையை இழுத்தார். பாடிக்கொண்டிருந்தது என் புதுசு. அவர் அப்போதுதான் அதைப் பழசு என்று சத்தியம் செய்திருந்தார். ஒரு நிமிஷம் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள்தான் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடப் பாவமே! இதுக்கா உங்க சட்டையெல்லாம் இத்தனை நாள் வெளியே போட்டு வெச்சேன்?" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என் பக்கம் திரும்பி, "உன்னோடதுதாம்மா ஜெயிச்சுது. இத்தனூண்டு இருந்துக்கிட்டு என்னமா பாடுது!" என்றாள்.

நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வாயில் வரவில்லை. ஜெயித்தவள் நான். ஜெயித்த மாதிரியே இல்லை.

ஆண்கள் பீரோவைத் தூக்குவதா வேண்டாமா என்று நடையில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். நான் ஒயரைச் சுருட்டினேன். அவள் விரிப்பை மடித்து வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரிடம் வந்தாள். யோசிக்கக்கூட இல்லை, கை தானாகப் போய்க் குமிழைச் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பியது. பிறகு என் வீட்டுக்காரருடைய நாற்காலியை வலப்பக்கச் சுவரோடு தள்ளிப் போட்டாள். அங்கே உட்கார்ந்தால் எல்லோரும் அவருக்கு இடப்பக்கம்தான்.

"அது எதுக்குக்கா, அந்தப் புள்ளி?" எனக்கே என் குரல் கேட்கவில்லை.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "தம்பி இன்னும் உன்கிட்ட சொல்லலையா?"

ஆஸ்பத்திரியில் காதைச் சோதிக்கிற பிழைப்பு எனக்கு. ஒரு வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிற ஒரு காது எனக்குத் தெரியவில்லை. இதை எப்படி அவளிடம் ஒத்துக்கொள்வது? செத்தாலும் முடியாது.

"சொன்னாரே" என்றேன். "எப்பவோ சொல்லிட்டார்."

அவள் என்னைப் பார்த்தாள். முப்பது வருஷமாக மேஜைக்குப் பின்னால் நின்று மனுஷ முகங்களைப் படித்தவள். நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. "அப்ப சரிம்மா, நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனாள். குத்திக் காட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

திரும்பும்போது தெருவில் அவருக்கு வலப்பக்கம் நடந்தேன். வேண்டுமென்றே, எப்போதும் பேசுகிற குரலில், "மழை வரும்போல இருக்கு" என்றேன். "ம்" என்றார். என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்து, ஏதோ சொல்கிறாள் என்று ஊகித்து, பாவம், ஒரு "ம்" போட்டு வைக்கிறார். என் தங்கை வீடு மாறியது அவருக்குத் தெரியாது. டாக்டர் என்னைப் பாராட்டியது தெரியாது. நான் செத்துப்போவதைப் பற்றிக் கேட்டதும் அவர் காதில் விழவில்லை. சோபாவில் ஜன்னல் பக்கம் அவர், வலப்பக்கம் நான். ஒரு வருஷம் கேட்காத காதில் பேசிவிட்டு, பேசமாட்டேன் என்கிறார் என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். அந்தச் சிவப்புப் புள்ளி, கேட்காத காதின் பக்கம் சத்தத்தைக் கூட்டி அவருக்குச் சமமாக்கத்தான். அவள் வீட்டில் அவருக்கு வாய் திறந்ததற்குப் பெட்டியும் காரணமில்லை, பாட்டும் காரணமில்லை. ஒரு நாற்காலியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டாள், அவ்வளவுதான். அதைச் செய்ய எனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு பற்றி எரிந்தது. பெட்டியின் மேல் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் வழக்கம்போல ஜன்னல் கோடியில் உட்கார்ந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"ஏன்? இது என் எடம்."

"இனிமே என் எடம். தள்ளுங்க."

தள்ளினார். அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவருடைய இடது காது எனக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. ஒரு வருஷத்துக் கதை இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"கூட்டுல குஞ்சு பொரிச்சதை ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றேன்.

அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். என் முகத்தை, நான் உட்கார்ந்திருக்கிற இடத்தை, மறுபடி என் முகத்தை. மெதுவாகப் புரிந்துகொண்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

"உன்கிட்ட சொன்னா அந்த ரூமுக்குள்ள உக்கார வெச்சுருவ. பேப்பர்ல எழுதிருவ. கம்பெனியில மேல ஏற விடமாட்டாங்க. கீழ நின்னு நான் என்ன வேலை பாக்கறது சொல்லு?"

"கீழேயிருந்து நிறுத்துன்னு கத்தறது ஒரு நாள் உங்க காதுல விழாமப் போனா? கீழ நிக்கிறவன் கதி என்னங்க?"

அவர் "ம்" போடவில்லை. கேட்டிருந்தார்.

"நாளைக்கு லீவு சொல்லிட்டு என்னோட வாங்க. எந்த அளவுன்னு முதல்ல பாப்போம். சரி பண்ண முடிஞ்சதாக்கூட இருக்கும்."

விரல்களைப் பிசைந்தார். பிறகு "சரி, வரேன்" என்றார். முழு வார்த்தை. இரண்டு முழு வார்த்தை. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணி சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லலை. உங்க தலை சாயறதைப் பாத்து நானே கண்டுபிடிச்சேன்" என்றேன். இதிலாவது அவளுக்குப் பங்கு கிடையாது என்று எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அவர் முகம் மலர்ந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தெரியும்" என்றார். "என்னிக்காவது ஒரு நாள் நீயாவே கண்டுபிடிச்சுருவேன்னு அண்ணி அப்பவே சொன்னாங்க."